கடல் நடுவே வள்ளுவர்: 3,681 கற்கள் ஓர் உடலான கதை

கல் வளையுமா?

வளையாது. வளைக்கப் பார்த்தால் உடையும்.

ஆனால் கன்னியாகுமரிக் கடலில் ஒரு கல் மனிதர் இடுப்பைச் சற்றே வளைத்து நிற்கிறார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் அப்படியேதான் நிற்கிறார். அவருடைய உடலின் எடை மட்டும் 2,500 டன்!

அவர்தான் திருவள்ளுவர்.

படகில் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். "அப்பாடா, எவ்வளவு உயரம்!" என்று வாய் பிளக்காதவர்கள் கிடையாது. ஆனால் உண்மையைச் சொன்னால், உயரம் அவ்வளவு பெரிய அதிசயம் அல்ல. கல்லின் மேல் கல்லை நேராக அடுக்கிக்கொண்டே போனால் உயரம் வந்துவிடும். அந்த இடுப்பு வளைவுதான் அதிசயம். நேராக நிற்கும் தூணைக் கட்டுவது வேறு. ஒசிந்து நிற்கும் மனிதனைக் கட்டுவது வேறு.

ஒருவர் நினைத்தார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து செய்து முடித்தார்கள். வேலை தொடங்கி முடிய 9 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சிதம்பரத்தில் பார்க்கலாம்

இந்த வளைவு என்ன வளைவு என்று தெரிய வேண்டுமானால், கன்னியாகுமரிக்குப் போகும் முன் சிதம்பரத்துக்குப் போக வேண்டும்.

அங்கே ஆடல் வல்லான் ஒரு காலை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி ஆடுகிறார். உடல் ஒரு பக்கம் சாய்கிறது. கை ஒரு பக்கம் வீசுகிறது. ஆனாலும் விழுவதில்லை. ஏன்?

அது வார்த்த உருவம். முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் மண் பூசிக் காயவைத்துச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். தலை முதல் கால் வரை ஒரே வார்ப்பு. தூக்கிய காலும் ஊன்றிய காலும் ஒன்றோடொன்று பிறந்தவை. உலோகம் இழுத்தாலும் தாங்கும்.

அதே சிதம்பரத்தில் கோபுர வாயில்களின் உட்புறச் சுவர்களைப் பாருங்கள். 108 கரணங்களும் கல்லில் இருக்கின்றன. கால்களை வளைத்தும் இடுப்பை ஒடித்தும் ஆடும் பெண்கள்! கல்லிலும் வளைவு வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்ததுதான். ஆனால் அந்த உருவங்களுக்குப் பின்னால் சுவர் இருக்கிறது. சுவரோடு ஒட்டிய கல்லில் செதுக்கியவை அவை. ஆடுகிறவள் விழாமல் கோபுரமே பிடித்துக்கொண்டிருக்கிறது.

வள்ளுவருக்கு முதுகுக்குப் பின்னால் எது? கடலும் காற்றும்தான்.

இடுப்பில் குடம் சுமந்து வரும் பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். குடம் ஒரு பக்கம் இருந்தால், அவள் உடல் எதிர்ப்பக்கம் சாயும். எவ்வளவு சாய வேண்டும் என்று அவள் கணக்குப் போடுவதில்லை. உடம்பே கணக்குப் போட்டுக்கொள்கிறது. மொத்தப் பாரமும் இரண்டு பாதங்களுக்கும் நடுவே இறங்கும்படி அது பார்த்துக்கொள்கிறது. பாரம் பாதத்துக்கு வெளியே போனால் குடமும் விழும், பெண்ணும் விழுவாள்.

கல் மனிதருக்கு அந்தக் கணக்கை வேறு யாரோதான் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் கல் கூடிவிட்டால் போச்சு.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

கர்நாடகத்தில் சிரவணபெளகொளா என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய கோமடேசுவரர் சிலை இருக்கிறது. உயரம் 57 அடி. குன்றின் உச்சியில் இருந்த பாறையையே மனிதனாகச் செதுக்கிவிட்டார்கள். இணைப்பே கிடையாது. உடலும் ஆணி அடித்தாற்போல் நேராக நிற்கிறது.

அமெரிக்காவில் நியூயார்க் துறைமுகத்தில், ஒரு தீவின் மேல் சுதந்திர தேவி நிற்கிறாள். 1886-ல் திறக்கப்பட்ட சிலை. பீடத்தை விட்டுவிட்டு, கையில் உள்ள தீப்பந்தம் வரை 151 அடி. உருவத்தைச் செய்தவர் பர்த்தோல்டி என்ற பிரெஞ்சுச் சிற்பி. ஆனால் அவளை நிற்க வைத்தவர் இன்னொருவர். பாரிஸ் நகரத்து இரும்புக் கோபுரத்தின் பெயரில் வாழ்கிறாரே, அந்த ஈபெல்தான்! உள்ளே இரும்பில் எலும்புக்கூடு அமைத்தார். அதன் மேல் மெல்லிய செப்புத் தகட்டைப் போர்த்தினார்கள். பார்க்க மலை போல இருந்தாலும் அவள் உடல் வெறும் தகடு.

கன்னியாகுமரியில் இந்த இரண்டு வழியும் இல்லை. செதுக்கி எடுக்க அவ்வளவு பெரிய ஒரே பாறை கிடையாது. இரும்புக்கூட்டின் மேல் தகடு போர்த்துவது நம் மரபும் அல்ல. கல்லாலேயே உடல், கல்லாலேயே எலும்பு என்று முடிவாயிற்று.

கணக்குப் படித்த சிற்பி

இந்த முடிவை எடுத்தவர் கணபதி ஸ்தபதி. 1927-ல் பிறந்தவர். பிள்ளையார்பட்டியைச் சேர்ந்த பரம்பரைச் சிற்பக் குடும்பம். தந்தை வைத்தியநாத ஸ்தபதியும் பெயர் பெற்ற சிற்பி. மகன் உளி பிடிக்கக் கற்றதோடு நிற்கவில்லை. காரைக்குடிக் கல்லூரியில் கணிதமும் படித்தார். அந்தப் படிப்பு பின்னால் எங்கே உதவியது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி 1957-ல் தொடங்கியது. தந்தை அதற்குத் தலைமை ஏற்றார். அவருக்குப் பின் மகன் அந்தப் பொறுப்புக்கு வந்து நீண்ட காலம் முதல்வராக இருந்தார். அப்பன் மகனுக்குச் சொல்லித் தந்த வித்தை, அந்தக் கல்லூரியில் ஊரார் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. ஒரு பெரிய வேலைக்கு வேண்டிய ஆட்களும் அங்கே உருவானார்கள்.

கடலோரத்தில் கட்டுவது இவருக்குப் புதிதல்ல. சிதம்பரத்திலிருந்து தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டி, சீர்காழி வழியாகப் போனால் பூம்புகார். சுமார் ஒரு மணி நேரப் பயணம். அங்கே அலையோசை கேட்கும் தூரத்தில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது. 1973-ல் கட்டப்பட்டது. ஏழு நிலை மாடம். கண்ணகியின் கதை உள்ளே கல்லில் புடைப்புச் சிற்பங்களாக நடக்கிறது. அதை அமைத்ததும் கணபதி ஸ்தபதியின் கைதான். சென்னையில் வள்ளுவர் கோட்டத்துக் கல் தேரும் அவர் அமைத்ததே. அது 1976-ல் திறக்கப்பட்டது.

கடலூர், சிதம்பரம் பக்கத்து மக்களுக்குக் கடற்கரைக் கட்டடத்தின் கஷ்டம் தெரியும். சன்னல் கம்பி துரு ஏறும். சுண்ணாம்பு உதிரும். வீட்டுக் கதவு மழைக்காலத்தில் மூடாது. உப்புக் காற்று எதையும் விடுவதில்லை. கரையிலேயே இந்தப் பாடு என்றால், கடலுக்குள் எப்படி இருக்கும்!

முகம் எது?

சிலை செய்ய வேண்டும். சரி, வள்ளுவர் எப்படி இருப்பார்? அவரைப் பார்த்தவர் யார்?

இதற்கு விடை ஏற்கனவே தயாராக இருந்தது. ஓவியர் கே.ஆர். வேணுகோபால சர்மா பல காலம் ஆராய்ந்து ஒரு திருவள்ளுவர் படத்தைத் தீட்டினார். 1964-ல் அது தமிழக சட்டசபையில் திறந்து வைக்கப்பட்டது. திறந்தவர் அப்போது துணை ஜனாதிபதியாக இருந்த ஜாகீர் உசேன். அன்று முதல் பள்ளிக்கூடச் சுவரிலும், பஸ்ஸிலும், அரசு அலுவலகத்திலும் நாம் பார்ப்பது அந்த முகம்தான். தாடி, முடிந்த கொண்டை, கையில் ஏடு.

ஆனால் அந்தப் படத்தில் வள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார். கடலில் உட்கார்ந்தால் போதுமா? தூரத்தில் வரும் கப்பலுக்கும் தெரிய வேண்டாமா? ஆகவே அவரை எழுப்பி நிற்க வைத்தார்கள். இடக் கையில் ஏடு. வலக் கையில் மூன்று விரல்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அறம், பொருள், இன்பம் என்பது அதன் பொருள்.

உயரம் எவ்வளவு வைப்பது? அதையும் திருக்குறளிடமே கேட்டார்கள். குறளில் அதிகாரங்கள் 133. ஆகவே மொத்த உயரம் 133 அடி. அறத்துப்பாலில் 38 அதிகாரம். ஆகவே பீடம் 38 அடி. பொருட்பாலில் 70, காமத்துப்பாலில் 25. இரண்டும் சேர்ந்து 95. ஆகவே சிலை 95 அடி. அறத்தின் மேல் பொருளும் இன்பமும் நிற்கின்றன! பள்ளிப் பிள்ளைகள் இந்தக் கணக்கைக் கேட்டால் மறக்க மாட்டார்கள்.

பீடத்தைச் சுற்றி ஒரு மண்டபமும் கட்டினார்கள். அதைப் பத்து யானைகள் தாங்குவது போலச் செதுக்கியிருக்கிறார்கள். எட்டுத் திசைக்கு எட்டு. மேலே வானுக்கு ஒன்று, கீழே நிலத்துக்கு ஒன்று. மண்டபத்துக்குள் 140 படி ஏறினால் வள்ளுவரின் பாதத்துக்குப் போய்விடலாம். அவர் தோளின் அகலம் 30 அடி. கையில் உள்ள ஏட்டின் நீளம் மட்டும் 10 அடி. பாதத்தருகில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு முகம் தெரிவதற்குள் கழுத்து வலிக்கும்.

அடிக்கல் காத்திருந்தது

1979-ல் அடிக்கல் நாட்டினார்கள். எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலம். பிரதமர் மொரார்ஜி தேசாய் வந்து நாட்டினார்.

பிறகு?

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. பதினோரு ஆண்டுகள் கல் கல்லாகவே கிடந்தது. 1990-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதிதான் வேலை தொடங்கிற்று. அப்போது முதலமைச்சர் கருணாநிதி. அதற்குப் பிறகும் வேலை ஒரே மூச்சில் நடந்துவிடவில்லை. அரசுகள் மாறின, ஆண்டுகள் ஓடின. கல்லுக்குப் பொறுமை உண்டு. அதைச் செதுக்குகிறவனுக்கும் அதே பொறுமை வேண்டியிருக்கிறது.

யார் யார் வேலை செய்தார்கள்?

சிலையைப் பற்றிப் பேசும்போது ஸ்தபதியின் பெயர் மட்டும் காதில் விழுகிறது. ஆனால் நம் பழைய சிற்ப நூல்களே நான்கு பேரைச் சொல்கின்றன. திட்டமிடுகிறவர் ஸ்தபதி. நூல் பிடித்து அளவு பார்க்கிறவர் சூத்திரக்கிராகி. கல்லை வெட்டிச் செதுக்குகிறவர் தட்சகர். செதுக்கியவற்றைப் பொருத்தி இணைக்கிறவர் வர்த்தகி. நால்வரில் ஒருவர் பிசகினாலும் வேலை கெட்டது. நூல் பிடிக்கிறவர் ஓர் அங்குலம் தவறினால், ஸ்தபதியின் அறிவு முழுவதும் வீண்தானே!

கன்னியாகுமரி வேலைக்கு மூன்று இடங்களில் சிற்பக்கூடம் போட்டார்கள். ஒன்று கன்னியாகுமரியிலேயே. ஒன்று அம்பாசமுத்திரத்தில். இன்னொன்று சங்கராபுரத்தில். அம்பாசமுத்திரத்தில் 5,000 டன் கல்லும், சங்கராபுரத்தில் 2,000 டன் உயர்ந்த ரகக் கருங்கல்லும் தயாராயின.

கல்லை வெட்டுவது எப்படி? பாறையில் வரிசையாகக் குழி போடுவார்கள். குழிகளில் இரும்பு ஆப்பை வைத்து, ஒன்றன் பின் ஒன்றாகச் சம்மட்டியால் அடித்துக்கொண்டே வருவார்கள். அவசரம் கூடாது. ஒரே ஆப்பைப் பலமாக அடித்தால் கல் தாறுமாறாக உடையும். எல்லா ஆப்பும் சமமாக இறங்கினால் பாறை ரொட்டி பிளப்பது போலப் பிளக்கும். அடிக்கும் சத்தத்தை வைத்தே கல்லின் குணத்தைச் சொல்லும் ஆட்கள் உண்டு. கணீர் என்றால் நல்ல கல். மழுங்கிய ஓசை வந்தால் உள்ளே எங்கோ விரிசல்.

பிறகு உளி வேலை. கருங்கல் உளியைத் தின்றுவிடும். கொஞ்ச நேரம் கொத்தினாலே முனை மழுங்கும். உடனே பட்டறைக்கு அனுப்பிக் காய்ச்சித் தட்டித் துவைச்சல் ஏற்ற வேண்டும். அதனால் சிற்பிகள் இருக்கும் இடத்தில் கொல்லர் உலையும் இருக்கும். சிலையைப் பார்க்கிறவர்கள் கொல்லரை நினைப்பதில்லை. ஆனால் அவர் ஒரு நாள் வராவிட்டால் அன்று சிற்பிக்கும் வேலை இல்லை.

இப்படிச் செதுக்கி எடுத்த கற்கள் மொத்தம் 3,681.

அவற்றின் எடை 7,000 டன். சிலை 2,500 டன், பீடம் 1,500 டன், சுற்று மண்டபம் 3,000 டன். சராசரி பார்த்தால் ஒரு கல் ஏறக்குறைய 2 டன் வருகிறது. ஆனால் சராசரி ஏமாற்றும். பல கற்கள் அதைவிடப் பல மடங்கு கனமானவை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்லைச் செதுக்குகிறவருக்கு அது தோளா, வேட்டி மடிப்பா, தாடியா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. பக்கத்துக் கல் வேறு ஊரில் இருக்கலாம். படத்தையும் அளவையும் நம்பித்தான் உளியை வைக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போய்க் கடல் நடுவில் சந்திக்கும்போது இரண்டு கல்லும் உதடும் உதடும் போலப் பொருந்த வேண்டும். பொருந்தாத கல்லை அங்கே தூக்கி எறிந்துவிட்டு வேறு கல் தேட முடியுமா?

கல் கடல் ஏறியது

அப்போது பாறைக்குப் பாலம் கிடையாது. எது போனாலும் நீர் வழியாகத்தான் போக வேண்டும். கல், கயிறு, கம்பு, குடிக்கும் தண்ணீர் எல்லாம் அப்படித்தான். கன்னியாகுமரியில் மூன்று கடல்கள் கலக்கின்றன. அலை குறுக்கும் நெடுக்குமாக வரும். காற்று பலமாக அடிக்கும் நாளில் இன்றைக்கும் சுற்றுலாப் படகுகளை நிறுத்திவிடுகிறார்கள். பல டன் கல்லை ஏற்றிய கலம் அந்த அலையில் பாறையோரம் வந்து நின்று இறக்குவதை எண்ணிப் பார்த்தால் போதும். படகோட்டிகளுக்கும் அந்தச் சிலையில் பங்கு உண்டு என்பது விளங்கும்.

அடுத்தது சாரம். 133 அடி உயரத்துக்குச் சாரம் கட்ட 18,000 சவுக்குக் கம்புகள் வந்தன! கட்டுவதற்குக் கயிறு மட்டும் இரண்டு லாரி. கடலூர்க் கரையோர மணலில் தோப்புத் தோப்பாக வளர்கிறதே, அதே சவுக்கு ஜாதிதான். வீடு கட்டும்போது நாம் பார்க்கும் அதே சாரம்தான். ஆனால் இங்கே கீழே மணல் இல்லை, பாறையும் கடலும். ஆணி இல்லை, முடிச்சுதான். சாரம் கட்டுகிறவரின் முடிச்சை நம்பித்தான் சிற்பி தோளுயரத்தில் நின்று உளி பிடித்தார்.

வெளியே இருந்து பார்த்தவர்களுக்குப் பல நாள் சவுக்குக் காடு மட்டும்தான் தெரிந்தது. உள்ளே ஒரு மனிதர் வளர்ந்துகொண்டிருந்தார்.

உள்ளே காலி!

இப்போது அந்த இடுப்புக்கு வருவோம்.

கணபதி ஸ்தபதி நேராகக் கல்லில் இறங்கிவிடவில்லை. முதலில் மரத்தில் ஒரு மாதிரி செய்து பார்த்தார். உருவம் ஒசிந்து நிற்கும்போது பாரம் எந்தக் கோட்டில் இறங்குகிறது என்று கண்டறிய வேண்டியிருந்தது. உடலின் நடுவே தலையிலிருந்து பாதம் வரை ஒரு நூல் விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக் குண்டு மாதிரி. இடுப்பு ஒரு பக்கம் போகலாம், தோள் மறு பக்கம் போகலாம். ஆனால் மொத்தப் பாரத்தின் நூல் மட்டும் பாதத்துக்குள் விழ வேண்டும். குடம் சுமந்த பெண்ணின் கணக்கு இங்கே கல்லுக்குப் போடப்பட்டது.

இரண்டாவது யுக்தி இன்னும் அழகானது. சிலையின் உள்ளே காலி! ஏறக்குறைய உச்சி வரை வெற்றிடம். குறுக்கும் நெடுக்குமாகக் கல் உத்தரங்களைப் போட்டு, வெளிக் கற்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கிறார்கள். வீட்டில் ஓடு தாங்கும் உத்தரம் போல, இது உடலைத் தாங்கும் உத்தரம்.

ஏன் காலி விட வேண்டும்? உள்ளேயும் கல்லை நிரப்பினால் பலம் கூடும் என்றுதான் நமக்குத் தோன்றும். அது தப்பு. நிரப்பிய கல் தன் பாரத்தைத் தானே கீழே ஏற்றும். இடுப்பு ஒசிந்த இடத்தில் அத்தனை பாரமும் வந்து குந்தும்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானமும் இப்படித்தான். ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்தது. வெளியே மலை போலத் தெரிகிறது. கருவறைக்கு மேலே உள்ளே கூடு! ஆயிரம் ஆண்டாக நிற்கிறது. கல்லை எங்கே வைப்பது என்பதைப் போலவே, எங்கே வைக்காமல் விடுவது என்பதும் அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் விமானம் மேலே போகப் போகக் குறுகும். நாற்புறமும் ஒரே அளவு. மனிதன் அப்படி அல்ல. பாதத்தைவிடத் தோள் அகலம். பாரம் மேலே கூடுகிறது. பழைய வித்தையை அப்படியே எடுத்து வைத்துவிட முடியாது என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசிக் கட்டத்தில் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வரை வேலை நடந்தது. 1999-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி வேலை முடிந்தது. செலவு 6 கோடி ரூபாய்க்கு மேல். சாரம் பிரிக்கப்பட்டது. 2000-ம் ஆண்டின் முதல் நாள், முதலமைச்சர் கருணாநிதி சிலையைத் திறந்து வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

திறந்து ஐந்து ஆண்டு நிறையவில்லை. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை.

கடலூர் மாவட்டத்து மக்களிடம் அந்தத் தேதியைச் சொன்னால் போதும். தேவனாம்பட்டினத்திலும், சிதம்பரத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பங்களிலும் அலை ஊருக்குள் வந்தது. மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கரையில் நிறுத்தியிருந்த படகுகள் வீடுகளின் மேல் கிடந்தன.

அதே காலையில் அதே சுனாமி கன்னியாகுமரிக்கும் வந்தது. பக்கத்து விவேகானந்தர் பாறையில் நூற்றுக்கணக்கான பயணிகள் கரை திரும்ப வழியின்றிச் சிக்கிக்கொண்டார்கள். பிறகு மீட்கப்பட்டார்கள். வள்ளுவர் நிற்கும் பாறையின் மேலும் அலை ஏறியது, மண்டபத்தில் மோதியது.

அலை வடிந்தது. வள்ளுவர் நின்றார். இடுப்பு வளைவு மாறவில்லை.

சிலை நின்றதைச் சொல்லும்போது கரையில் போன உயிர்களை மறந்துவிடக் கூடாது. கல் தப்பியது பெரிதல்ல என்று குப்பத்துத் தாய்மார்கள் சொன்னால் அதுவும் நியாயமே. ஆனால் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் மூன்று ஊர்களில் உளி பிடித்தவர்களின் கணக்குக்கு அன்றுதான் பரீட்சை வந்தது என்பதும் உண்மை.

கணபதி ஸ்தபதிக்கு 2009-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2011 செப்டம்பரில் காலமானார்.

அந்த ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. காற்று எவ்வளவு பலம் என்று இந்தப் பக்கத்து மக்களுக்கு மறுபடி ஒரு முறை தெரிந்தது. ஊன்றி நிற்பது என்றால் என்ன என்பது, தோப்பை இழந்த குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உப்பு எடுக்கும் வைத்தியம்

அலையைவிடப் பொல்லாதது உப்பு. அலை வந்து போய்விடும். உப்பு போகாது. கல்லின் நுண்ணிய துளைகளில் புகுந்து உட்காரும். வெயிலில் காயும்போது பருக்கையாகப் பருத்து, கல்லின் தோலை உள்ளிருந்து தள்ளும். பூம்புகார்க் கலைக்கூடமானாலும் சரி, கன்னியாகுமரியானாலும் சரி, கடல் பக்கத்தில் எது கட்டினாலும் இந்த நோய் வரும்.

ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வள்ளுவருக்கு வைத்தியம் நடக்கிறது. 2022-ல் தொடங்கி 2023 வரை நடந்தது ஒரு பெரிய வைத்தியம். அதற்கும் முழு உயரத்துக்குச் சாரம் கட்டினார்கள். இந்த முறை சவுக்கு அல்ல, இரும்புக் குழாய்.

அதற்குப் பிறகு அங்கே இன்னொரு புதுமையும் வந்திருக்கிறது. வள்ளுவர் பாறைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் கட்டினார்கள். சிலையின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவை ஒட்டி, 2024 டிசம்பர் 30-ந் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் திறந்தார். காலுக்குக் கீழே கடல் தெரியும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், பாட்டிமார்கள் சிலர் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறார்கள்.

2022-ல் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? முதலில் நல்ல தண்ணீரால் உடல் முழுவதும் கழுவினார்கள். கற்களின் இணைப்புகளில் இருந்த இடைவெளிகளை அடைத்தார்கள். பிறகு காகிதத்தைக் கூழாக்கி, ஈரத்தோடு சிலையின் மேல் அப்பினார்கள். 95 அடி வள்ளுவருக்கும் காகிதக் கூழ்! ஈரமான கூழ் காயக் காயக் கல்லுக்குள் இருந்த உப்பை உறிஞ்சிக்கொண்டது. நன்றாகக் காய்ந்ததும் சாரத்தில் நின்றவர்கள் அதை உரித்து எடுத்தார்கள். உப்பும் அதோடு வந்தது. அதன் பிறகே, தண்ணீர் புகாதபடி கல்லின் மேல் ரசாயனப் பூச்சு ஏறியது.